உளுந்து மேய்ந்த மாட்டுக்குப் பெருங்காயம் எத்தனை கிராம்?

கேள்வி: சம்பா அறுத்த வயலில் உளுந்து பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. விடியக்காலையில் கறவை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மேய்ந்து வயிறு உப்பிவிட்டது. பெருங்காயத் தூள் ஒரு டப்பாவை மோரில் கரைத்து ஊற்றினேன், உப்புசம் இறங்கவில்லை. டாக்டர் வந்து குழாய் விட்டுத்தான் பிழைத்தது. இனி எத்தனை கிராம் கொடுக்கணும்? (மன்னார்குடி பக்கத்து விவசாயி)

பதில்: தம்பி, நீங்கள் ஊற்றியதில் பாதிக்கு மேல் மாவு. டப்பாவின் பின்பக்கம் படியுங்கள்: மைதா, பிசின், அப்புறம்தான் பெருங்காயம். சாம்பாருக்குச் சரி, மருந்துக்கு ஆகாது.

அசல் சரக்கு ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியின் வேரைக் கீறி வடித்தெடுக்கிற பால். இங்கே சாகுபடி செய்து பார்க்க முதல் நாற்று நட்டதே 2020 அக்டோபரில், இமாச்சலத்து லாஹௌல் பள்ளத்தாக்கில். அவ்வளவு தூரத்துச் சரக்கு சந்தையில் மலிவாகக் கிடைக்குமா? 'மாட்டுப் பெருங்காயம்' என்று கட்டி கட்டியாக விற்கிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். மாட்டுக்கென்று தனியாக ஒரு பெருங்காயம் எங்கேயும் வடிவதில்லை. வாயில்லா ஜீவன் திரும்பி வந்து கேட்காது என்கிற துணிச்சல் அது.

நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் கேளுங்கள். மிளகளவு கிள்ளித் தீயில் காட்டினால் கற்பூரம் மாதிரி பற்றி எரியணும். கருகிப் புகைந்தால் மாவு. தண்ணீரில் போட்டால் பால்போலக் கரையணும். அடியில் பசையாகத் தங்கக் கூடாது.

அளவுக்கு வருகிறேன். கழிச்சலுக்கு 5 கிராம், சீரகம், வெந்தயத்தோடு கருக வறுத்து, பனைவெல்லத்தில் உருட்டிக் கொடுக்கலாம். சினைமாட்டுக்கு வேண்டாம்.

உங்கள் மாட்டுக்கு வந்தது வேறு. பச்சை உளுந்து வயிற்றில் நுரைத்து, காற்று அந்த நுரைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், ஏப்பம் வராது. நுரையை உடைப்பது எண்ணெய்தான். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ கால் லிட்டர், கொஞ்சம் கொஞ்சமாக. நாக்கை இழுத்துப் பிடிக்காதீர்கள், தலையை அண்ணாந்து தூக்காதீர்கள். அப்படித் தூக்கி ஊற்றி, நுரையீரலுக்குள் போய், நல்ல கறவை ஒன்றை நான் இழந்திருக்கிறேன். இடது பக்கம் மத்தளமாக விம்மி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு, உடனே கால்நடை அவசர உதவி எண் 1962-க்குப் போன் போடுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது கயிற்றைப் பற்றி. விடியலில் வெறும் வயிற்றோடு, பனி காயாத உளுந்தில் வாய் வைத்ததுதான் வினை. உளுந்து பிடுங்குகிற வரைக்கும் புதுக் கயிறு போட்டு, ராத்திரியே கவணையில் (தீவனத் தொட்டியில்) வைக்கோலை நிறையப் போட்டு வையுங்கள்.