வீட்டுக்கு ஒரு மீனாட்சி

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆகிறது. மாமியார் 'மீனாட்சி' என்று வைக்கச் சொல்கிறார். மதுரையில்தான் வீட்டுக்கு ஒரு மீனாட்சி இருக்கிறாரே! எனக்கும் கணவருக்கும் 'ஹர்ஷிதா' பிடித்திருக்கிறது. அதிலும் எண்கணிதப்படி ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்கிறார் ஜோசியர். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை

வீட்டுக்கு ஒரு மீனாட்சி இருப்பது உண்மைதான் அம்மா. ஆனால் அவர்களுக்கெல்லாம் என்ன வயது என்று பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வருகைப் பதிவேட்டில் கே. மீனாட்சி, எம். மீனாட்சி, எஸ். மீனாட்சி என்று வரிசையாக இருப்பார்கள். இனிஷியலோடு கூப்பிடுவோம், குழப்பமே வராது. ஓய்வுபெறும் சமயத்தில் ஒன்றாம் வகுப்பில் ஹர்ஷினி, வர்ஷினி, தர்ஷினி, ஹர்ஷிதா. வர்ஷினி என்று கூப்பிட்டால் நாலு பேரும் எழுந்து நிற்பார்கள். மீனாட்சி என்று ஒருத்திகூட இல்லை.

அதற்காக ஹர்ஷிதா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெற்றவர்களுக்குப் பிடித்த பெயர், தாராளமாக வைக்கலாம். அந்தக் கூடுதல் எழுத்தை மட்டும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். பிறப்புச் சான்றிதழில் அது இருக்கும். ஆதார் எடுக்கிற இடத்தில் வழக்கமான எழுத்தில் தட்டிவிடுவார்கள். பள்ளியில் வேறு மாதிரி ஏறும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரைக்கும் அது தொடர்ந்தால் அரசிதழ், வாக்குமூலம் என்று அலைய வேண்டியதுதான். ஓர் எழுத்துக்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் அறை வாசலில் காத்துக் கிடந்த பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது இன்னும் கவனம் தேவை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ்தான் செல்லும்.

அவசரமும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், சரி. பெயரை அப்போதே கொடுத்தாக வேண்டியதில்லை. 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை லேசில் மாற்ற முடியாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்த பிறகு கொடுங்கள்.

என்னைக் கேட்டால் மீனாட்சிதான். வீட்டில் மீனு என்று கூப்பிடலாம். உங்கள் இருவருக்கும் மனம் ஒப்பவில்லை என்றால் ஹர்ஷிதாவையே வழக்கமான எழுத்தில் வையுங்கள். மாமியாரிடம் அதை உங்கள் கணவர் போய்ச் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.