ஹியரிங் எய்டு அணியும் குழந்தைக்குப் படப்புத்தகத் தொகுப்பு வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. இரண்டு காதிலும் ஹியரிங் எய்டு அணிகிறாள். தன்னைப் போன்ற குழந்தை எந்தக் கதையிலும் இல்லையே என்று கேட்கிறாள். ‘அனைவரையும் உள்ளடக்கிய 20 படப்புத்தகங்கள்’ என்று ஒரு முகவர் ஒரு தொகுப்பைக் காட்டுகிறார். விலை மிக அதிகம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மொத்தமாகக் கட்டி விற்கும் தொகுப்பில் நல்லது இரண்டு இருந்தால் அதிகம். மற்றவை விலைபோகாமல் கிடந்தவையாகவே இருக்கும். முகவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்க விடுவாரா? அட்டையை மட்டும் காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அட்டையில் சக்கர நாற்காலியில் ஒரு குழந்தை சிரிக்கும். உள்ளே தேடினால் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு முறை தலைகாட்டும், அவ்வளவுதான்.

படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான். எழுத்தை விட்டுவிட்டு, முதலில் படங்களை மட்டும் பாருங்கள். எதையாவது தொடங்குவது யார், முடிவெடுப்பது யார்? அந்தக் குழந்தையா, அல்லது கையைப் பிடித்து அழைத்துப் போகிறவர்களா? அப்புறம் கருவியைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் இருக்கும், அடுத்த பக்கத்தில் காணாமல் போயிருக்கும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் அதைக் கழற்றி வைப்பீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஓவியருக்கும் தெரிந்திருக்கிறதா? தொட்டியில் குளிக்கும் குழந்தையின் காதில் கருவி மாட்டியிருந்தால், வரைந்தவர் யாரிடமும் கேட்கவில்லை என்று அர்த்தம். இதை உங்கள் மகள் உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள்.

எல்லோரும் கேலி செய்ய, கடைசியில் அந்தக் குழந்தையே எல்லோரையும் காப்பாற்ற, பிறகு நண்பர்களாகச் சேர்த்துக்கொள்ளும் கதைகள் நிறைய உண்டு. அப்படியானால் யாரையும் காப்பாற்றாத குழந்தையை என்ன செய்வார்கள்? இந்த ரகத்தை வீட்டுக்குள் விடாதீர்கள். காதில் கருவியோடு தொலைந்த பந்தைத் தேடும் கதை போதும். கருவியைப் பற்றி ஒரு வார்த்தைகூட வராவிட்டால் இன்னும் நல்லது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘இது என்ன, எப்படி வேலை செய்கிறது’ என்று கருவியை விளக்கும் புத்தகங்கள். கருவி மாட்டிய புதிதிலும், புது வகுப்பில் சேரும்போதும் இவை உதவும். அப்போதும் ஒன்று போதும். அது முதலில் போக வேண்டிய இடம் வகுப்பாசிரியரின் மேசை, ஏனென்றால் கேள்வி கேட்பவர்கள் மற்ற பிள்ளைகள்தான். தினமும் இரவில் அதையே படித்துக் காட்டாதீர்கள், கதை நேரம் சிகிச்சை நேரமாகிவிடும். கருவியைக் கழற்றி எறியும் நாளில் ‘பார், இந்தப் பாப்பா எவ்வளவு சமர்த்தாகப் போட்டிருக்கிறாள்’ என்று அந்தப் புத்தகத்தை நீட்டவும் நீட்டாதீர்கள். அன்றோடு அந்தப் புத்தகத்தை வெறுத்துவிடுவாள். கேள்விகள் நின்றதும் எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.

இவ்வளவையும் ஒரு தாய் தனியாக உட்கார்ந்து சோதிக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு எரிச்சல். 1965இலேயே அமெரிக்கக் கல்வியாளர் நான்சி லாரிக் 5,000க்கும் மேற்பட்ட சிறார் நூல்களை ஆராய்ந்து, கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெறுவது 6.7 விழுக்காட்டில்தான் என்று எழுதினார். 2018ஆம் ஆண்டு நூல்களை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறார் நூல் மையம் கணக்கெடுத்தபோது, விலங்குகளும் பொருள்களும் முதன்மைப் பாத்திரமானவை 27 விழுக்காடு, கறுப்பினக் குழந்தைகள் 10 விழுக்காடு. புத்தகங்களில் யார் விடுபடுகிறார்கள் என்று எண்ணத் தெரிகிறது. ஆனால் பள்ளிக்கும் நூலகத்துக்கும் புத்தகம் வாங்கும் குழுக்கள் இன்னமும் புத்தகத்தைத் திறக்காமல் பட்டியலில் டிக் அடிக்கின்றன. முகவர்கள் பிழைப்பதும் அதனால்தான்.

நூலகத்தில் கேட்டு இரவல் வாங்கிப் பாருங்கள். சிறார் நூல்களுக்கான சர்வதேச அமைப்பான ‘இப்பி’ (IBBY), மாற்றுத்திறன் கொண்ட இளையோருக்கான நூல்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பட்டியலை நூலகரிடம் காட்டுங்கள். மகள் திரும்பத் திரும்பக் கேட்கும் மூன்று நான்கை மட்டும் காசு கொடுத்து வாங்கினால் போதும்.

தொகுப்பை மறுத்தால், மகளின் பெயரும் முகமும் பதித்த புத்தகம் என்று அடுத்ததை எடுப்பார்கள். கதையும் உடம்பும் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றே, தலை மட்டும் மாறும். கருவி இருக்காது. புகைப்படத்தைக் கொடுக்காதீர்கள்.