4 இன்ச் ஸ்பீக்கருக்கு 30 ஹெர்ட்ஸ் எதற்கு?

கேள்வி: 4 இன்ச் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் இரண்டை, போர்ட் குழாய் வைத்த மரப்பெட்டிகளில் போட்டிருக்கிறேன். பழைய பாட்டுக்கு அருமை. புதுப் பாட்டு போட்டால் கோன் எகிறுகிறது, 'டக் டக்' என்று அடிக்கிறது. ஸ்பீக்கர் 20 வாட், ஆம்ப் 15 வாட்தானே?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: புதுப் பாட்டில் வரும் 30, 40 ஹெர்ட்ஸ் அடி பேஸ்தான் கோனை எகிற வைக்கிறது (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு; குறையக் குறைய அடித்தொண்டைச் சத்தம்). இதில் வாட் கணக்கு உதவாது. அந்த 20 வாட், வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச்சுருள், எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கு. கோன் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பது வேறு சங்கதி. அதே சத்தம் 80 ஹெர்ட்ஸுக்குப் பதில் 40-ல் வர வேண்டுமென்றால், கோன் நாலு மடங்கு தூரம் ஓட வேண்டும். 4 இன்ச் கோனுக்கு இருப்பதோ சில மில்லிமீட்டர் இடம். அந்த 'டக்', காயில் பின்தட்டில் போய் முட்டுகிற சத்தம். தொடர்ந்தால் காயில் கோணிக்கொண்டு உரச ஆரம்பித்துவிடும்.

போர்ட் ட்யூன் ஆன இடத்தில், அதாவது குழாய்க் காற்று தானாக அதிரும் ஹெர்ட்ஸில், கோன் அவ்வளவாக அசையாது, குழாய்க் காற்றே வேலையைச் செய்துவிடும். அதற்குக் கீழே போனால் கோனைத் தடுக்கக் காற்று இல்லை. பெட்டி இருந்தும் இல்லாத கதைதான். இன்று ராத்திரியே ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டிக் குழாயை இறுக்கமாக அடைத்துப் பாருங்கள். பாதி ஆட்டம் அடங்கும்.

அப்புறம், அடி பேஸை வெட்டும் கெப்பாசிட்டர். நம் ஆட்கள் நேராக ஸ்பீக்கர் ஒயரில் வைப்பார்கள். 8 ஓமுக்கு 100 ஹெர்ட்ஸில் வெட்ட 200 மைக்ரோ ஃபாரட், அதுவும் நான் போலார் (பிளஸ், மைனஸ் பக்கம் இல்லாதது) வேண்டும். தேடி வாங்கிப் போட்டாலும் பயன் குறைவு. ரெசொனன்ஸ், அதாவது கோன் தானாக ஆட விரும்பும் ஹெர்ட்ஸ், வரும் இடத்தில் அந்த 8 ஓம், 30 ஓமுக்கு மேலேகூட ஏறிவிடும். வெட்ட வேண்டிய இடத்தில்தான் அது சரியாக வெட்டாது.

நான் ஆம்ப்புக்கு முன்னாலேயே தடுக்கச் சொல்வேன். ஆம்ப்பின் இன்புட் இம்பிடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை) 20 கிலோ ஓம் என்றால், சிக்னல் கம்பியில் தொடராக 0.1 மைக்ரோ ஃபாரட் பாலியஸ்டர், '104' என்று அச்சடித்தது, சேனலுக்கு ஒன்று. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்கக் குறைத்துக்கொண்டே போகும். 47 கிலோ ஓம் என்றால் 0.047 போதும். ஆனால் இது ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 6 டெசிபல்தான், அதாவது சிக்னலில் பாதிதான், வெட்டும், அதனால் சாக்ஸை எடுத்துவிடாதீர்கள். போனில் பேஸ் பூஸ்ட் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பேஸ் போய்விடுமே என்று கவலை வேண்டாம். பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். உங்கள் ஸ்பீக்கரில் இத்தனை நாளும் காதில் விழுந்தது பெரும்பாலும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளான 82-ம் 123-ம்தான். கோன் ஆட்டம் நின்றால் பாடுகிறவர் குரலில் இருந்த நடுக்கமும் போய்விடும்.

கேள்வி: என் எல்.பி. ரெக்கார்டில் பாட்டு இல்லாத இடத்திலும் கோன் மூச்சு விடுவதுபோல் அசைகிறது. ரிப்பேரா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. தட்டு லேசாக வளைந்திருக்கும். 33⅓ சுற்று வேகத்தில் சுற்றுக்கு ஒரு மேடு என்றால் 0.55 ஹெர்ட்ஸ், காதுக்குக் கேட்காது, கோனுக்குத் தெரியும். ஊசியும் கையும் சேர்ந்து 10 ஹெர்ட்ஸ் வாக்கில் ஆடுவது தனி. மேலே சொன்ன கெப்பாசிட்டரையே ஃபோனோ பிரீஆம்ப்புக்கும் (ஊசியின் சின்ன சிக்னலைப் பெரிதாக்குவது) ஆம்ப்புக்கும் நடுவில் போடுங்கள், அந்த 10 ஹெர்ட்ஸ் ஆட்டத்தின் அளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். பிளேயரும் ஸ்பீக்கரும் ஒரே மேசையில் இருந்தால் முதலில் அதைப் பிரித்து வையுங்கள்.