ஸ்லோ குக்கரில் மலிவான கறி: காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாமா?

கேள்வி: காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறாகிவிடும். செலவைக் குறைக்கலாம் என்று, மின்சாரத்தில் மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் ஸ்லோ குக்கர் வாங்கியிருக்கிறேன். விலை குறைந்த, நாரும் சவ்வுமான கறியை ‘லோ’வில் வைத்துவிட்டுப் போனால் மாலைக்குள் பஞ்சாகிவிடும் என்கிறார்கள். அவ்வளவு நேரம் குறைந்த சூட்டில் கிடந்தால் கெட்டுப்போகாதா? ஃப்ரீசரில் இருந்து எடுத்ததை அப்படியே போடலாமா? கூடவே ஒரு கைப்பிடி ராஜ்மா சேர்க்கவும் ஆசை.

பதில்: தாராளமாக வைத்துவிட்டுப் போகலாம். நீங்கள் பயப்பட வேண்டிய நேரம் வேறு. கிருமிகள் பெருகுவது ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான். 60-ஐத் தாண்டிவிட்டால் அவற்றின் ஆட்டம் அடங்கிவிடும். அதற்குமேல் பத்து மணி நேரம் கிடந்தாலும் கறிக்கு ஒன்றும் ஆகாது. காலையில் அந்த 60-ஐ எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறது, மாலையில் ஆறும்போது எவ்வளவு சீக்கிரம் ஃபிரிட்ஜுக்குள் போகிறது, இந்த இரண்டு இடத்தில்தான் கோளாறு வரும்.

‘லோ’ என்றால் வெதுவெதுப்பு, ‘ஹை’ என்றால் கொதி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான குக்கர்களில் இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான் போய் நிற்கும். ‘லோ’ மெதுவாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான் வித்தியாசம். இதை அட்டைப் பெட்டியில் ஒரு வரி அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? ஏழு பட்டன் வைக்கத் தெரிகிறது, எத்தனை டிகிரி என்று எழுத மட்டும் மனம் வரவில்லை. ‘வார்ம்’ பட்டன் வெந்ததைச் சூடாக வைத்திருக்க. பச்சைக் கறியை அதில் வைக்கவே கூடாது.

அவர்கள் எழுதாததை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். பாதிக்குச் சற்று மேல் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, ‘லோ’வில் எட்டு மணி நேரம் விடுங்கள். மூடியைத் திறந்த கையோடு சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 85 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால் நல்ல குக்கர். அதற்குக் குறைந்தால், காலையில் 60-ஐத் தாண்டவும் தாமதமாகும் என்று அர்த்தம். எங்கள் வீட்டுப் பழைய குக்கர் 78-லேயே நின்றுவிட்டது. விளக்கு எரிந்தது, மூடி வேர்த்திருந்தது, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்கே பரணுக்குப் போனது.

ஃப்ரீசர் விஷயத்துக்கு வருவோம். கூடாது. உறைந்த கட்டியை அந்த மெல்லிய சூடு இளக்கவே பாதி நாள் போய்விடும்; அத்தனை நேரமும் கறி கிருமிக்கு இதமான சூட்டில் கிடக்கும். முந்தைய நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். 2 கிலோ கட்டி இளக ஒரு முழு நாள் ஆகும். மேடையில் வைத்து இளக்குவதும் வேண்டாம். முதல் நாளே கறியையும் காயையும் நறுக்குவதானால் தனித்தனிப் பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் காய்கள் அடியில், கறி அதன்மேல், குழம்பு நீரைக் கொதிக்கவைத்து ஊற்றுங்கள். பாத்திரம் பாதியிலிருந்து முக்கால் பாகத்துக்குள் நிரம்பியிருக்கட்டும். கிளம்பும்வரை ‘ஹை’, கிளம்பும்போது ‘லோ’.

விற்பனையாளர் டைமரைக் காட்டி, “எட்டு மணிக்குப் போட்டுட்டுப் போங்க, பன்னிரண்டுக்கு அதுவே ஆன் ஆயிடும்” என்பார். நான்கு மணி நேரம் பச்சைக் கறி சும்மா கிடக்கும் என்பதைச் சொல்ல மாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பச்சைக் கறி வெளியில் இருக்கக் கூடாது.

மலிவான கறி என்று தயங்கவே வேண்டாம், இந்தப் பாத்திரத்துக்கு அதுதான் சரி. தோள், கழுத்து, முன்னங்கால், வால், எல்லாமே விலங்கு ஓயாமல் வேலை வாங்கிய பகுதிகள். அந்தச் சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்லிய ஈரச்சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் ஜெலட்டினாக உருகி, சாற்றைக் கெட்டியாக்கும். விலை உயர்ந்த, கொழுப்பில்லாத துண்டைப் போட்டால் மரத்தூள்தான் மிஞ்சும். கோழி நெஞ்சுக்கறியும் அப்படியே. பத்து மணி நேரத்துக்கு ஆடோ மாடோ போடுங்கள், கோழியை வீட்டில் இருக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

இது தெரிந்ததும் நடுவில் இருக்கிற வியாபாரிகள் விடுவார்களா? அதே தோள்கறியைச் சின்னத் துண்டாக்கி, ‘ஸ்லோ குக்கர் ஸ்பெஷல்’ என்று சீட்டு ஒட்டி, விலையை ஏற்றி வைப்பார்கள். முழுத்துண்டாக வாங்கிப் பெரிதாக நீங்களே நறுக்குங்கள். சின்னத் துண்டு பத்து மணி நேரத்தில் கரைந்தே போகும். பைக்குள் சிவப்புத் தண்ணீர் குளமாக நின்றால், “உறைய வச்சு இளக்கினதா?” என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள்.

ராஜ்மாவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், கறியைவிட எனக்குப் பயம் அதில்தான். சரியாக வேகாத ராஜ்மாவில் லெக்டின் வகை நஞ்சு ஒன்று இருக்கிறது. நாலைந்து விதை தின்றாலே போதும், சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, பேதி. நன்றாகக் கொதித்தால்தான் அது ஒழியும். ஸ்லோ குக்கர் கொதிக்க வைக்காது. 80 டிகிரி வாக்கில் அரைகுறையாக வேகும்போது நஞ்சின் வீரியம் பச்சையாக இருப்பதைவிடக் கூடவும் செய்யும். விதை மெத்தென்று ஆகிவிட்டதே என்று ஏமாறாதீர்கள். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று கொதிக்க விடுங்கள். பத்து நிமிடம் அடிப்படை, அரை மணி நேரம் என்றால் எனக்குத் திருப்தி. அதன்பிறகே ஸ்லோ குக்கர். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அதை நேராகப் போடலாம். இந்த எச்சரிக்கை எத்தனை சமையல் குறிப்புகளில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ‘ஊறவைத்த ராஜ்மாவைச் சேர்க்கவும்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

செலவு? 200 வாட் குக்கர் பத்து மணி நேரம் ஓடினால் 2 யூனிட். வீட்டில் இருக்கும் நாளில் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் இருபது நிமிடமாவது கூடுதலாக வைக்க வேண்டும். நீங்கள் இல்லாதபோது மின்சாரம் போய், எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டால், வெந்தது போலத் தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது.

மிச்சத்தை அந்தப் பீங்கான் பாத்திரத்திலேயே விட்டுவைக்காதீர்கள். கனமான பாத்திரம், ஆற இரவாகிவிடும். விதைபோல ஒடுங்கி வேக்காட்டையும் தாங்கும் கிருமிகள் உண்டு, அவை முளைப்பது அப்போதுதான். தட்டையான டப்பாக்களில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சூடு பண்ண அடுப்புதான், ஸ்லோ குக்கர் வேண்டாம். குளிர்ந்த பீங்கானைச் சூடான அடிப்பாகத்தில் வைத்தால் விரிசல் விடும். அதற்கு வாரண்டி கிடையாது என்பதை மட்டும் மறக்காமல் அச்சிட்டிருப்பார்கள்.