முன்பு போலப் புத்தகத்தில் மனம் ஒன்றுவதில்லையே, ஏன்?

ஒரு கதையிலோ கட்டுரையிலோ மூழ்கி, இடையில் நிறுத்தாமல் படிப்பதுதான் ஆழ்ந்த வாசிப்பு. போனில் நாம் பெரும்பாலும் செய்வது நுனிப்புல் மேய்வது: தலைப்பு, முதல் இரண்டு வரி, உடனே அடுத்தது.

பேச்சு குழந்தைக்குத் தானாக வந்துவிடும், வாசிப்பு வராது. எழுத்து தோன்றியே சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதனால் ஒவ்வொரு மூளையும் பழகிப் பழகித்தான் அதற்கான பாதையைப் போட்டுக்கொள்கிறது. எதைப் பழக்குகிறோமோ, அந்தப் பாதை தேறும்.

எங்கள் ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் நின்றிருக்கும் நாட்களில் கிளை வாய்க்கால்களில் புல்லும் மண்ணும் ஏறிவிடும். மடை திறந்தாலும் தண்ணீர் தயங்கித் தயங்கித்தான் வரும். தூர் வாரிவிட்டால் சரி, கடைசி வயல் வரை ஓடும். வாசிப்பும் அப்படித்தான். ஒருமுறை கோவைக்குப் போகும் பேருந்தில் நாவலைத் திறந்தேன். பெருந்துறை வருவதற்குள் மூன்று தடவை போனை எடுத்துவிட்டேன். மனசுக்கு வருத்தமாக இருந்தது. அப்புறம் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, தினம் இருபது நிமிடம் என்று தொடங்கினேன். முதல் வாரம் கஷ்டம்தான். இரண்டாம் மாதம், பயணச்சீட்டைப் பக்கங்களின் நடுவே செருகிவிட்டு நிமிர்ந்தால் காந்திபுரம் வந்திருந்தது.

மின்னூல் வந்ததால் அச்சுப் புத்தகம் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் வந்தது 2007இல், ஆனால் இன்றும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் பிள்ளைகள் பை நிறையப் புத்தகம் வாங்கிப் போகிறார்கள்.