நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சுவிட்சா?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற பேட்டரி டிரக் வைத்திருக்கிறோம். புயலில் கரண்ட் போனால் அந்த டிரக்கிலிருந்தே வீட்டுக்கு எடுக்க ஆசை. மெயின் பேனலில் இன்டர்லாக் தகடு (வெளி கரண்ட் பிரேக்கரும் டிரக் பிரேக்கரும் ஒரே நேரத்தில் ஆன் ஆகாமல் தடுப்பது) மாட்டினால் போதும், செலவும் குறைவு என்கிறார் எலக்ட்ரீஷியன். போதுமா?

பதில்: நியூட்ரலும் கிரவுண்டும் (நம்மூர் எர்த்) உள்ளே இணைக்கப்படாத சின்ன ஜெனரேட்டர் என்றால் போதும். உங்கள் டிரக்குக்குச் சரிவராது. கேபிளைச் செருகி பிரேக்கரைப் போட்டதுமே அவுட்லெட் டிரிப் ஆகிவிடும். வண்டியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கோளாறு வண்டியில் இல்லை. அந்த 240 வோல்ட் அவுட்லெட்டில் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு உண்டு. போன கரண்ட் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். சுமார் 5 மில்லியாம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். டிரக்குக்குள் நியூட்ரலும் கிரவுண்டும் இணைந்திருக்கின்றன. வீட்டு மெயின் பேனலிலும் அப்படியே. ஆக, நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு கிரவுண்ட் கம்பி வழியாகவும் வரும். ஜி.எஃப்.சி.ஐ.க்கு அது கசிவு. இன்டர்லாக் இரண்டு ஹாட் (நம்மூர் பேஸ்) கம்பிகளை மட்டுமே மாற்றுகிறது; நியூட்ரல் இணைந்தே இருக்கும். கடையில் கிடைக்கும் ஆறு சர்க்யூட், பத்து சர்க்யூட் ஜெனரேட்டர் சுவிட்சுகளில் பலவும் இதே கதைதான்.

நம்மூரில் ஜெனரேட்டருக்கு மாட்டும் டபுள் போல் சேஞ்ச்ஓவர் ஞாபகம் இருக்கிறதா? பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகவே மாற்றும். அமெரிக்க வீட்டில் ஹாட் இரண்டு என்பதால், நியூட்ரலையும் சேர்த்து உங்களுக்கு மூன்று போல் சுவிட்ச் வேண்டும். அவசியமான சர்க்யூட்டுகளை ஒரு துணைப் பேனலுக்கு நகர்த்தி, அதற்கு முன்னால் இந்தச் சுவிட்சை வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலும் அதனுடனேயே துணைப் பேனலுக்கு வர வேண்டும். ஒன்று பழைய பேனலில் தங்கிவிட்டாலும் இத்தனை செலவும் வீண். கிரவுண்ட் கம்பியைக் கழற்றிவிட்டால் டிரிப் ஆகாது என்று யாராவது யோசனை சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நகராட்சி பெர்மிட்டும் எடுத்துவிடுங்கள்.

கரண்ட் போனதும் தானாக மாறும் ஆட்டோமேட்டிக் சுவிட்சுக்குப் பணம் போடாதீர்கள். எப்படியும் நீங்களே போய்த்தான் கேபிளைச் செருக வேண்டும்.

டிரக்குக்கு 9.6 கிலோவாட் என்று சொன்னாலும், பின்னாலுள்ள அந்த 30 ஆம்பியர் அவுட்லெட்டில் 7.2தான் கிடைக்கும். ஃப்ரிட்ஜ், விளக்கு, இன்டர்நெட், ஒரு ஜன்னல் ஏசி எல்லாம் தாராளமாக ஓடும். சென்ட்ரல் ஏசி சந்தேகம்: கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் 100 ஆம்பியரைக்கூடத் தாண்டலாம். கிளம்பும்போது இழுக்கும் கரண்டைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டாமல் முயல வேண்டாம்.

சின்ன பேட்டரி என்றால் 98 யூனிட், பெரியது 131. அமெரிக்க வீட்டின் சராசரிச் செலவு நாளுக்கு 30 யூனிட்டை ஒட்டி வரும். அதற்காக அடிவரை இறக்கிவிடாதீர்கள். உங்கள் ஊரில் வெள்ளம் ஏறினால், கிளம்பிப்போகவும் அதே வண்டிதானே.