அமெரிக்காவில் இத்தனை பேர் ஆர்.வி. என்ற சிறிய விமானத்தை வீட்டிலேயே கட்டுகிறார்களே, ஏன்?

பணம் ஒரு காரணம்தான், ஆனால் கிட், அதாவது பாகங்களின் தொகுப்பு, அதன் விலை மட்டும் இல்லை. பெரும்பகுதியை நீங்களே கட்டினால், வருடாந்திரச் சோதனையையும் நீங்களே செய்ய உரிமம் வாங்கலாம். மெக்கானிக் கூலி மிச்சம்.

ஆர்.வி.க்களை வடிவமைத்த ரிச்சர்ட் வான்குரன்ஸ்வன் 1971-இல் பறக்கவிட்ட ஆர்.வி.-3 வேகமாகவும் போகும், சின்ன ஓடுதளத்திலும் இறங்கும். அதுதான் முதலில் ஆட்களை இழுத்தது.

என்னைக் கேட்டால், பெரிய திருப்பம் பின்னால் வந்த கிட்கள்தான். அலுமினியத் தகடுகளில் துளைகள் போட்டே வரும். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, துளைக்குத் துளை பொருத்தி, தற்காலிகப் பிடிப்பான்களைச் செருகினால் இறக்கை கோணாமல் நிற்கும். முன்பு இதற்கென்றே பாகங்களைத் தாங்கிப் பிடிக்கும் தனிச் சட்டகம் செய்ய வேண்டியிருந்தது. அப்புறம் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை ஆயிரக்கணக்கில் அடிக்க வேண்டும். பொறுமை இருந்தால் கை பழகிவிடும்.

இதுவரை 11,000-க்கும் மேற்பட்ட ஆர்.வி.க்கள் பறந்திருக்கின்றன.